பின்பக்கத்து உயரம்

லயத்துக் கூரை உயரமில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் முன்பக்கம் நின்று சொல்கிறவர்கள். கொட்டகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகளாக எங்கள் லயம் இருந்தது. முன்பக்கம் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று கையைத் தூக்கினால் தகரத்தின் விளிம்பு எட்டும். பின்பக்கம் அப்படியில்லை. எங்கள் ஒற்றை அறையான காம்பராவின் பின்சுவரை அடுத்துக் கொஞ்சம் மண், அதன் ஓரத்தில் கல்கட்டு, கல்கட்டுக்குக் கீழே மழைத்தண்ணீர்க் கான் ஓடும் பள்ளம். அங்கே விழுந்த கோழியைக்கூட நாங்கள் ஊரைச் சுற்றிப்போய்த்தான் எடுத்துவருவோம்.

அந்தக் கொஞ்ச மண்ணில்தான் அண்ணனுக்கு ஓர் அறை இறக்க வேண்டியிருந்தது. ஒரே காம்பராவில் அப்பா, அம்மா, நான், புதிதாகக் கல்யாணமான அண்ணன், மதினி. குறுக்கே ஒரு சேலையைக் கட்டிவிட்டு அதைச் சுவர் என்று நினைத்துக்கொண்டு இருந்தோம். மதினி முழுகாமல் இருந்தாள். தோட்டத்தை நடத்தும் துரை கடைசியில் சம்மதித்து, தேயிலை ஸ்டோரில் கழற்றிப் போட்டிருந்த பழைய தகரங்களையும் கொடுத்தார். சுவரையும் மரச்சட்டத்தையும் நாங்களே எழுப்பினோம். கூரை மட்டும் பாக்கி.

கூரை வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பது தோட்டத்துக்குத் தெரியாத விஷயமில்லை. முந்தின வருஷம் பங்களாவில் விருந்தாளிகளுக்கென்று ஓர் அறை கூட்டிக் கட்டியபோது அண்ணனும் கூரைக்குப் போனான். அங்கே சாரம் கட்டினார்கள். நீள ஏணி, அதன் காலைப் பிடிக்க ஓர் ஆள், இடுப்புக்குக் கயிறு, தகரத்தில் கால் படாமல் நிற்கப் பலகை. தூறல் விழுந்தால் இறங்கச் சொல்லிவிடுவார்கள். அந்த ஏணியும் கயிறும் இப்போது ஸ்டோருக்குப் பின்னால் கொட்டகையில் சும்மா கிடந்தன.

நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால், யாரிடமாவது போய்க் கேட்கிற வேலையெல்லாம் என் தலையில்தான். வேலைக்காடு முழுவதையும் மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் போய் ஏணியும் கயிறும் ஒரு நாளைக்கு வேண்டும் என்றேன்.

அவர் சிரித்தார். "லயத்துக் கூரைக்குப் பங்களா ஏணியா? ஒங்கண்ணன் எட்டிக் குதிச்சாத் தரை. நீ படிச்சதால கூரையும் ஒசந்துருச்சா?"

பின்பக்கம் வந்து பாருங்கள் என்றேன். லயத்தின் பின்பக்கம் உத்தியோகத்தர் யாரும் வருவதில்லை. கேட்க வேண்டியதை முன்வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது ஒரு வழக்கமாகவே இருந்தது. நான் விடவில்லை, நாலு தடவை போய்க் கேட்டேன். ஒருநாள் மூக்கில் லேஞ்சித் துணியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்கட்டு ஓரம் எட்டிப் பார்த்தவர் சட்டென்று எங்கள் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். அந்தப் பிடியைப் பார்த்ததும் ஏணி கிடைத்துவிட்டது என்றே நம்பினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "பாத்துச் செய்யச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

பார்த்துச் செய்வதாம். பள்ளத்துக்கு மேலே சரிவில் நிற்கிறவனுக்குக் கண்ணா பிடிமானம்?

மழை மாசம் நெருங்கிவிட்டது. ஏணி இல்லையென்றால் ஒரே வழிதான்: முன்பக்கமாக ஏறி, முகட்டைத் தாண்டி, பின்சரிவில் இறங்கிக் குனிந்து ஆணி அடிக்க வேண்டும். கயிறு இல்லாமல் ஏற மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். லயத்து ஆம்பிளைகள் சிலர் கேலி பண்ணினார்கள். பங்களா வேலைக்குப் போனதிலிருந்து அவன் இடுப்பு கயிறு கேட்கிறதாம். பக்கத்துக் காம்பரா அத்தைதான் தன் கொழுந்துக் கூடையை எடுத்துவந்து, தலையில் மாட்டும் கயிற்றை அவிழ்த்து அவன் முன்னால் போட்டார்.

"இந்தாப்பா. இத்தனை வருசம் கொழுந்து தூக்குன கயிறு. ஒன்னையத் தூக்காதா?"

மற்றப் பெண்களும் அவரவர் கூடைக் கயிற்றைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் அவற்றை ஒன்றோடொன்று முடிந்து, ஒவ்வொரு முடிச்சையும் காலால் மிதித்து இழுத்துப் பார்த்தான். ஒரு நுனி அவன் இடுப்புக்கு. முகட்டைத் தாண்டி முன்பக்கம் வரும் மறுநுனியைக் கட்டலாமென்று இஸ்தோப்புத் தூணை அசைத்தால் தூண் ஆடியது. அதனால் பெண்களே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாசல் கல்லில் காலை முட்டுக்கொடுத்து முன்பக்கம் உட்கார்ந்தார்கள். மதினியும் பிடிக்க வந்தாள். அத்தை விரட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் இருந்தது. காம்பராக் கதவைக் கழற்றிச் சட்டத்தின் மேல் போட்டு, அதில் நின்று அண்ணன் அடித்தான். நான் புது அறைக்குள் நின்று தகரத்தை மேலே தள்ளிக்கொடுத்தேன். கடைசித் தகரத்தில் பள்ளத்துக் காற்று எழும்பியது. தகரம் தூக்கியது. கெஞ்சி வாங்கின தகரம், விட மனம் வரவில்லை அவனுக்கு. அது அவனையும் சேர்த்து இழுத்தது. கதவிலிருந்து கால் வழுக்கி, இடுப்புக்குக் கீழே முழுவதும் கல்கட்டுக்கு வெளியே போனது. முகட்டில் கயிறு உரசும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. கயிறு விறைத்திருந்தது. தகரம் கீழே பாறையில் மோதியது அதற்கப்புறம்தான் கேட்டது. பின்னால் என்ன நடந்தது என்று பார்க்க முடியாமலே முன்பக்கத்திலிருந்து பெண்கள் இழுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன் மேலே வந்தான்.

காற்று அடங்கியதும் அந்தத் தகரத்தைச் சுற்றிப்போய் எடுத்துவந்து, அதே கயிற்றோடு ஏறி அடித்து முடித்தான்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தைத் தாண்டினேன். கண்டாக்கையா கூப்பிட்டார். அவருக்குக் கதை தெரிந்திருந்தது.

"பாத்தியா, ஏணி ஏணின்னு என் உசிர வாங்குன. ஏணி இல்லாமலே முடிஞ்சிருச்சே."

அண்ணன் விழுந்திருந்தால் கவனமில்லாதவன் என்றிருப்பார்கள். விழவில்லை என்பதால் ஏணியே தேவையில்லை என்கிறார்கள். இரண்டில் எது நடந்தாலும் கொட்டகையில் கிடக்கிற ஏணிக்கு ஒரு குறையும் வராது. இதை நான் அவரிடம் எப்படிச் சொல்வதென்று தேடிக்கொண்டிருந்தபோது, வரிசையில் நின்ற அத்தை கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். உள்ளங்கையில் தோல் இல்லை.

"முடிஞ்சதுதானுங்க ஐயா. ஒங்க வீட்டுக் கூரைக்கும் அப்பிடியே ஏறுங்க. நாங்க வந்து பிடிக்கிறோம்."

வரிசையில் சிரிப்பு ஓடியது. கண்டாக்கையா மலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, நேரமாகிறது, போங்கள் என்றார். அத்தை துணியைத் திரும்பச் சுற்றிக்கொண்டு, முடிச்சு அவிழாமல் முடிச்சோடு அறுத்தெடுத்த கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினார். அந்தக் கையோடுதான் அன்றைக்கும் கொழுந்து எடுக்க வேண்டியிருந்தது.