அத்தைமாரின் வேகம்

மூன்றாம் வருடம் முடிந்ததும் எங்களை மூன்றாகப் பிரிப்பார்கள். கைத்தொழில் பொறியியல் என்று ஒரே வாசலால் உள்ளே வந்தவர்கள், கடைசி வருடத்துக்கு இயந்திரங்களைப் படிப்பதா, கணக்கும் கொம்பியூட்டரும் சேர்ந்த திட்டமிடலா, மனிதர் வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் அளக்கிற வேலை ஆய்வா என்று தெரிவு செய்ய வேண்டும். வேலை ஆய்வை ஒருவரும் சீண்டுவதில்லை. ஸ்டொப் வொட்சைக் கையில் பிடித்துக்கொண்டு, பாடுபடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் கங்காணி வேலை அது என்பது எங்கள் வகுப்பின் தீர்ப்பு. கங்காணி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் யாழ்ப்பாணத்துக்காரி. "கணக்குப் பக்கம் எடடி. கொம்பியூட்டர் தெரிஞ்சால் எந்த நாட்டுக்கும் போகலாம். இஞ்ச இருந்து என்ன செய்யப் போறாய்?" என்று ஓயாமல் சொல்வாள். அவளுடைய ஊரில் அப்போது குண்டு விழாத வாரம் இல்லை. நானும் தலையாட்டிவிட்டேன்.

தெரிவுக்கு முன், விடுமுறையில் ஏதாவதொரு தொழிற்சாலையில் சின்னதாக ஒரு நேர ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். இது எல்லாருக்கும் பொது. மற்றவர்கள் கொழும்புக்குப் போனார்கள். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அங்கே தமிழ்ப் பெண்ணுக்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையையே கேட்டு வாங்கினேன். கண்டியிலிருந்து போகும் வழியில் பஸ்ஸை மறித்துச் சோதித்த சிப்பாய், என் பைக்குள் ஸ்டொப் வொட்சைக் கண்டதும் குண்டோ என்று இரண்டடி பின்னால் போனான். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தை எல்லாம் கொட்டி, படிப்புக்கு என்று விளக்கினேன். விளங்கியதும் அவனே அதை அமுக்கி ஓடவிட்டு, நிறுத்தி, சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தான். பஸ் கிளம்பியதும் அதைப் பையின் அடியில், புத்தகங்களுக்குக் கீழே செருகி வைத்தேன்.

தொழிற்சாலையின் சலிக்கும் அறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காய்ந்த தேயிலையிலிருந்து குச்சி பொறுக்குவார்கள். அம்மாவும் அவர்களில் ஒருவர். மற்ற எல்லாரும் எனக்கு அத்தைமார், சின்னம்மாமார். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நோர்ம் இருந்தது. முடித்தால் முழுப்பேர், முடிக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா என்னைக் கண்டதும் குளிர்ந்துபோனார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்க குடுக்கிற கணக்க வச்சு, தொரைகிட்ட சொல்லி, இதுகளுக்குப் புது நோர்ம் போட்டுடலாம்."

அம்மாவின் நாட்கூலி என் கையில் வந்து உட்கார்ந்துவிட்டதே!

முதல் நாள் பலகையும் கடிகாரமுமாக நின்றேன். அடேயப்பா, அந்தக் கைகள் பறந்தன! ஒருத்தியும் தலை நிமிரவில்லை. வழக்கமாக அந்த அறையில் ஊர்க்கதை ஓயாது. பள்ளி விட்டு அம்மாவுக்காக வாசலில் காத்திருந்த காலமெல்லாம் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அன்றைக்கு மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

"மெதுவா செய்ங்க அத்தை," என்றேன்.

"சும்மா இரு பாப்பா. நம்ம புள்ளைக்கு மார்க்கு கொறஞ்சிடக் கூடாது."

அவர்கள் வேகமாகச் செய்தால் எனக்குப் புள்ளி கூடுமாம்! ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பாய்ந்தேன். "ஏம்மா இப்புடி உசுர விடுறீங்க? இத வச்சுத்தான் ஒங்க நோர்ம கூட்டப் போறாங்க. அப்புறம் தெனமும் இப்புடியே செய்யணும். முடியுமா?"

அம்மாவின் முகம் மாறியது. "ஐயையோ, அதுக்கா இது?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் போனால் நிலைமை தலைகீழ். அத்தைமார் ஒவ்வொரு குச்சியையும் பொண்ணு பார்க்க வந்தவர்கள் போலத் தூக்கிப் பார்த்து வைத்தார்கள். வாய் மட்டும் நிற்கவில்லை. ஒரு சின்னம்மா கொட்டாவி விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அடிப்பாவிகளா! இந்தக் கணக்கைக் கொடுத்தால் என்னை யார் நம்புவார்கள்?

இரண்டு நாள் கணக்கையும் வைத்துக்கொண்டு தலையைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். நேர ஆய்வில் ஒரு விதி உண்டு. கடிகாரம் காட்டுவதை அப்படியே எடுக்கக் கூடாது. அந்த ஆள் வழக்கத்தைவிட வேகமாகச் செய்தாரா, மெதுவாகவா என்று பார்க்கிறவரே மதிப்பிட்டு, நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டும். வகுப்பில் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. இப்போது ஒவ்வொருத்தரின் சாதாரண நாளையும் மனதில் கொண்டுவந்து, யாருக்கும் சலுகை காட்டாமல் மதிப்பிட்டேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால், பறந்த நாளும் கொட்டாவி விட்ட நாளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்த இடம் பழைய நோர்ம்தான். சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன்.

டீமேக்கர் ஐயாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப கூட்ட முடியாதா?"

"முடியாதுங்க ஐயா. இப்ப இருக்கிறதே சரியான அளவு."

பேராதனைக்குத் திரும்பியதும் நடந்த நேர்முகப் பரீட்சையில் விரிவுரையாளர் விடவில்லை. அங்கே உன் தாய் இருக்கிறார், உன் மதிப்பீட்டை எப்படி நம்புவது என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடக்கிக்கொண்டு சொன்னேன்: "சேர், அவர்களுடைய உண்மையான வேகத்தில் கை வேலை செய்யும், வாய் கதை பேசும். முதல் நாள் ஒருவரும் பேசவில்லை. இரண்டாம் நாள் பேச்சு மட்டும்தான் நடந்தது." அவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, எந்தப் பிரிவு எடுக்கப்போகிறாய் என்றார். வேலை ஆய்வு என்று சொன்னபோதுதான் அது எனக்கே தெரிந்தது. இந்தக் கணக்கைத் தோட்டத்தைத் தெரியாத ஒருத்தன் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பே என்னைக் கலக்கியிருந்தது.

"உனக்கு முழு விசர், பைத்தியக்காரி," என்றாள் அறைத்தோழி. என்றாலும் அன்றைக்குத் தேநீர் அவள்தான் வாங்கித் தந்தாள்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பாஸா?"

"பாஸும்மா. நோர்மும் பழையதுதான்."

அம்மா கும்பிட்டார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மொத நாளு நாங்க அவ்ளோ வேகமா செஞ்சதுக்கு மார்க்கு ஒண்ணும் கெடைக்கலியா?" என்றார், மெய்யாகவே குறைபட்டு.

அதற்குப் பிறகு எத்தனையோ தொழிற்சாலைகளில் கடிகாரத்தோடு நின்றிருக்கிறேன். என்னைக் கண்டதும் எல்லாருடைய கையும் மெதுவாகும். அதில் எனக்கு வருத்தமில்லை; நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். நான் பாஸ் பண்ண வேண்டும் என்று மூச்சு வாங்க வேலை செய்தவர்கள் அந்த அறையில் இருந்தவர்கள் மட்டும்தான்.