வியாழக்கிழமை ஒளிபரப்பான பகுதி

நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டும் காட்சி நெருங்கினால் என் மனைவி ரிமோட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். நான் நடுவில் நிறுத்திவிடுவேன் என்ற பயம். நம் ஊர் நீதிமன்றங்களில் சுத்தியல் கிடையாது. மனு போட்ட அன்றே தீர்ப்பும் கிடையாது. சாட்சிக் கூண்டில் நிற்பவள் இறங்கி வந்து எதிர்த்தரப்புக்காரியின் கன்னத்தில் அறைந்தால், நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் மாட்டார். தொடர் முதல் முறை ஒளிபரப்பானபோது இதையெல்லாம் சொன்னேன். இப்போது இரண்டாம் முறை பார்க்கும்போதும் சொல்கிறேன்.

"தீர்ப்ப அந்தாளு சொல்லட்டும். நீங்க ரிடையராயி ஒம்போது வருஷம் ஆவுது" என்பாள்.

அந்தத் தொடர் இன்னும் முடியவில்லை. நாயகி வேடத்தில் இப்போது மூன்றாவது நடிகை. இரண்டாவது சீசனில் லாரி மோதி இறந்தவர் ஐந்தாவது சீசனில் வேறு முகத்தோடு திரும்பி வந்தார். இறப்புச் சான்றிதழை யார் ரத்து செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மனைவிக்கே சலித்துவிட்டது. "மொதல்லேர்ந்து பாக்கலாம். அப்ப நல்லா இருந்துச்சி" என்றாள். பழைய பகுதிகள் எல்லாம் செல்போனில் கிடைக்கின்றன. அதை டிவியோடு இணைக்கத் தெரிந்துகொண்டேன். சத்துவாச்சாரி வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இரண்டு பகுதி பார்ப்பது என்று ஏற்பாடு.

முதல் சீசன் உண்மையிலேயே நன்றாக இருந்தது. வீடு வீடாக இருந்தது. சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. மாமியார் கூடத் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தாள். கோர்ட் சீனைத் தவிர மற்றதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை.

நான் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பர்சனல் அதிகாரியாக இருந்தேன். கம்பெனிக்கு மூன்று யூனிட். ஒரு யூனிட்டில் தொழிலாளி மீது உள்விசாரணை என்றால் வேறு யூனிட்டைச் சேர்ந்த அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அந்த முறையில் மற்ற இரண்டு யூனிட்டுக்கும் நான்தான் விசாரணை அதிகாரி. மெமோ கொடுப்பது, பதில் வாங்குவது, சாட்சி, குறுக்கு விசாரணை, அறிக்கை என்று ஒரு படியைக்கூட நான் தாண்டியதில்லை. என் அறிக்கையை எந்த லேபர் கோர்ட்டும் தள்ளியதில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிக்கொடுப்பேன்: விசாரணை அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்தது எதுவும் சாட்சியம் ஆகாது. கண்ணால் பார்த்திருந்தாலும் ஆகாது.

அந்தக் காலத்தில் காலை ஆறரை மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் மாதனூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். முதல் நாள் இரவு சீரியலில் நடந்ததுதான் பஸ்ஸில் பேச்சு. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறுவாள். ஷூவின் மேல்தோலை, அதாவது அப்பரைத் தைக்கும் பிரிவில் இருந்தாள், முப்பத்தைந்து வயதிருக்கும். கதை சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் வரைக்கும் பேர். மாமியார் குரல், வக்கீல் குரல் எல்லாம் அவளுக்கு வரும். கடைசி நிறுத்தத்துப் பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்களாம்.

ஒரு வியாழக்கிழமை. கண்டெய்னர் மறுநாள் துறைமுகம் போக வேண்டும், எல்லாரும் ஓவர்டைம் நிற்க வேண்டும் என்று அறிவிப்பு. மாலை ஆறு மணிக்கு அவள் அனுமதி வாங்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். அவளைப் பார்த்து இன்னும் ஏழு பேர் போனார்கள். கண்டெய்னர் ஒரு நாள் தாமதம். வெள்ளிக்கிழமை காலையில் எட்டுப் பேரையும் கேட்டிலேயே நிறுத்தினார்கள். ஏழு பேர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அவள் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணை. சூப்பர்வைசர் சாட்சி சொன்னார்: "கோர்ட் சீன் தீர்ப்பு அன்னிக்கி சார். அதப் பாக்கத்தான் போச்சி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துலயே அதத்தான் பேசிக்கினு இருந்தாங்க." அவள் ஊர்ப் பெண் ஒருத்தியும் அதையே சொன்னாள்.

"நீ என்னம்மா சொல்ற?"

"வூட்ல பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல சார். கேட்டுக்குப் போன் வந்துச்சி."

"மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கா?"

"டாக்டர்கிட்ட இட்டுகினு போவல."

"ஒடம்பு சரியில்லன்னு ஓவர்டைம் வுட்டுட்டு ஓடுவ, டாக்டர்கிட்ட மட்டும் போவ மாட்டியா?" என்றார் சூப்பர்வைசர். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விசாரணை அதிகாரி சிரிக்கக் கூடாது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பதிவு செய்யவும் இல்லை. அவள் தன் ஊர்ப் பெண்ணை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் எந்தக் கேள்விக்கும் வாய் திறக்கவில்லை.

அறிக்கை எழுதும்போது எனக்குச் சிரமமே இல்லை. அந்தத் தீர்ப்புக் காட்சியை நானும் பார்த்திருந்தேனே. சுத்தியலைப் பார்த்துக் கத்தியது ஞாபகம் இருந்தது. "சம்பவ தினத்தன்று மேற்படி தொடரின் முக்கியப் பகுதி ஒளிபரப்பானது அனைவரும் அறிந்த உண்மை, தனியாக நிரூபிக்கத் தேவையில்லை" என்று எழுதினேன். எழுதி முடித்து அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்துப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. நன்றாக அமைந்துவிட்டது என்று தோன்றியது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனாள் என்றால் எச்சரிக்கையோடு போயிருக்கும். ஷிப்மெண்ட்டை விட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போனாள் என்றால் டிஸ்மிஸ். டிஸ்மிஸ் ஆனது.

இந்த ஆண்டு ஒரு மதியம் அந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தோம். நீதிபதி சுத்தியலைத் தூக்கினார். நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் திரையின் கீழே, பகுதி எண்ணுக்குப் பக்கத்தில், முதலில் ஒளிபரப்பான தேதியும் கிழமையும் போட்டிருப்பதைப் பார்த்தேன். வெள்ளி.

"இது வியாழக்கிழமை வந்தது" என்றேன்.

"வெள்ளிக்கிழமைங்க. நான் வெளக்கேத்திட்டு வர்றதுக்குள்ள பாதி போய்டுச்சி, நீங்க சுத்தியலப் பாத்துக் கத்திக்கினு இருந்தீங்க. எனக்கு ஞாபகம் இல்லாம போவுமா?"

முந்தின பகுதியைப் போடச் சொன்னேன். அதை நேற்றுத்தானே பார்த்தோம் என்று முணுமுணுத்தபடி போட்டாள். வியாழக்கிழமை. மாமியார் சமையலறையில் மயங்கி விழுகிறாள். அரை மணி நேரமும் அவள் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்காக எந்தத் தொழிலாளியும் வேலையை விட்டுவிட்டு ஓட மாட்டாள்.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ரிமோட்டை மடியிலிருந்து எடுத்து என் பக்கம் வைத்தாள். பிறகு, "அப்பவே என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். ஆபீஸ் ரகசியத்தை வீட்டில் பேசுவதில்லை என்பது என் இன்னொரு விதி.

கம்பெனிக்குப் போன் செய்தேன். இப்போது என் பழைய நாற்காலியில் இருக்கும் பெண் மரியாதையாகப் பேசினாள். "அந்த ஃபைல் இருக்காது சார். எட்டு வருஷம் ஆனா டிஸ்போஸ் பண்ணிடுவோம். நீங்க போட்ட சர்குலர்தான் சார், இன்னும் அதத்தான் ஃபாலோ பண்றோம்."

ஆக, திருத்துவதற்கு அறிக்கையே இல்லை. இருந்தாலும் நான் ஒரு கடிதம் எழுதினேன். என் விசாரணை முடிவு தவறு, அந்தப் பெண் தொடர் பார்க்கப் போகவில்லை, மகளுக்கு உடல்நலம் சரியில்லாததாலேயே அன்று வெளியேறினாள் என்று, பழைய பதவியைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பிரதி. ஒன்று அவளுக்கு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்கு அவள் கையெழுத்து.

மாதனூரில் இறங்கி, உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ. கம்பெனி பஸ்ஸின் அந்த மூன்றாவது நிறுத்தத்தில் இருந்த டீக்கடைக்காரரிடம் வழி கேட்டேன்.

"யாரு, கோர்ட்டம்மாவா? சீரியல் பாத்து வேலய வுட்டுச்சே, அதுதான சார்?"

"அது அப்படி இல்லிங்க..." என்று ஆரம்பித்தேன். பால் பொங்கிவிட்டது. அவர் அடுப்பைப் பார்க்க ஓடினார். திரும்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனிகள் ஏஜெண்ட் மூலம் வீடுகளுக்கு அனுப்பும் கைத்தையல் வேலை. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பி.எஃப். கிடையாது, மெமோவும் கிடையாது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிப் போட்டாள். தன் தையலை விடவில்லை.

கடிதத்தை நீட்டினேன். மெதுவாக, வரி வரியாகப் படித்தாள்.

"வெள்ளிக்கிழமன்னு இப்பதான் தெரிஞ்சிதா சார்?"

"ஆமாம்மா."

"நான் அந்த சீரியல ஒரு நாள்கூடப் பாத்ததில்ல."

எனக்குப் புரியவில்லை. சிரித்தாள். "கவர்மெண்ட்டு குடுத்த டிவிய எங்கூட்டுக்காரர் அப்பவே வித்துட்டாரு. பஸ்ல சொன்னா மானம் போவும்ல? மொத ரெண்டு ஸ்டாப்ல ஏறனவங்க பேசறதக் காதுல வாங்கிக்குவேன். அதுக்கப்புறம் ஏறறவங்களுக்குப் பாத்த மாதிரியே சொல்லுவேன். எனக்கு வாய் ஜாஸ்தி, அதுல மாட்டிக்கினேன்."

"விசாரணையில் வீட்ல டிவி இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கவே இல்லியே சார்."

உண்மை. நான்கு பக்கக் கேள்விகளில் அந்தக் கேள்வி இல்லை.

கடிதத்தை மடித்து என் பக்கம் நீட்டினாள். "இத எடுத்துக்கினு போய்டுங்க."

"உன் பேருல இருக்கிற பழி..."

"அது இருக்கட்டும்." ஊசியைத் தோலில் குத்தி வைத்தாள். தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கி என் பொண்ணு வயசுக்கு வந்துட்டா. அழுதுகினே கடையிலேர்ந்து கேட்டுக்குப் போன் பண்ணா. தாய்மாமனுக்குச் சொல்லிட்டு அப்புறம் ஊருக்குச் சொல்லலாம்னு ராத்திரி மூடி வெச்சேன். காலைல வந்தா கேட்ல நிறுத்திட்டாங்க. காரணம் எழுதிக் குடுன்னா நான் இன்னான்னு எழுதறது? எங்க மாமியாரு எப்படின்னா, என் நாத்தனார் பொண்ணு வயசுக்கு வந்து குந்துன வாரம் அப்பன் வண்டியில வுழுந்தான்னு இன்னிக்கி வரைக்கும் அந்தப் பொண்ண ராசி கெட்டவன்னுதான் கூப்புடுவாங்க. எம்பொண்ணு வந்த நேரம் ஆத்தாளுக்கு வேல போச்சின்னா வுடுவாங்களா? அதான் ஜுரம்னு சொல்லிப் படுக்க வெச்சி, அடுத்த புதன்கிழம வயசுக்கு வந்தான்னு சொன்னோம். எங்கண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

விசாரணை அறையில் அவள் தன் ஊர்ப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தது ஏன் என்று இத்தனை வருடம் கழித்து விளங்கியது. அங்கே சொன்னது அன்றைக்கே ஊருக்குப் போயிருக்கும்.

"புதன்கிழம நேரத்துக்குத்தான் ருது ஜாதகம் எழுதினது. அதுலதான் பொருத்தம் பாத்துக் குடியாத்தத்துல கட்டிக் குடுத்திருக்கேன். முழுகாம இருக்கா, ஏழு மாசம் இப்போ. அந்தூட்ல நேரம் பாக்காம தலைக்குத் தண்ணிகூட ஊத்திக்க மாட்டாங்க. நீங்க சீரியல் இல்ல, பொண்ணுதான் காரணம்னு பேப்பர்ல எழுதிக் குடுத்தா, அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கி இன்னான்னு எவளாவது கேப்பா சார். சீரியல் பைத்தியம்னு என்னச் சொல்றதுல எனக்கு ஒண்ணும் கம்மியாவல. அவள யாரும் ஒண்ணும் சொல்லல, பாத்தீங்களா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ போலிப் பிறப்புச் சான்றிதழைக் கண்டுபிடித்திருக்கிறேன். தேதி திருத்திய ஆவணத்தின் மேல் ஒரு குடும்பம் நிற்பதை இப்போதுதான் பார்த்தேன். அந்த ஆவணம் நிற்பதற்கு என் தப்பான அறிக்கைதான் முட்டுக் கொடுத்திருந்தது.

"அப்ப என் அறிக்கை உனக்கு..." என்று தொடங்கினேன்.

"ஒதவிச்சி" என்றாள் அவளே. "அதுக்காக நன்றின்லாம் சொல்ல மாட்டேன் சார். பத்து வெரலையும் பாருங்க." விரல்களைக் காட்டவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன்.

எழுந்துகொண்டேன். பழக்கம் விடவில்லை. கடிதத்தைப் பெற மறுத்தார் என்று அலுவலகப் பிரதியில் குறித்துக்கொள்ளப் பேனாவைக்கூட வெளியே எடுத்துவிட்டேன். அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பப் பையில் செருகினேன்.

ஆட்டோவுக்கு நிற்கும்போது டீக்கடைக்காரர் ஞாபகமாகக் கூப்பிட்டார். "இன்னா சார், அது அப்படி இல்லன்னு என்னமோ சொல்ல வந்தீங்களே?" பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கையில் பால் தூக்கோடு நின்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தாங்க அந்தக் கேஸ விசாரிச்சவன்" என்றேன். "சீரியல் பாக்கத்தான் போச்சு. கோர்ட் சீன். நானே பாத்தேன், வியாழக்கிழமை."

பால் தூக்கு வைத்திருந்தவள் சிரித்தாள். "பாத்தியா, ஆபீசரே சொல்றாரு!"