இஸ்திரிப் பெட்டியின் இடப்பக்கம்

நான் படம் வரையப் போன கம்பெனியில் எங்கள் லீடர் சார் தாள்களை விரல் இடுக்குகளில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக விடுவித்துப் படபடவென்று புரட்டுவது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்படிப் புரட்டினால்தான் வரைந்த பொருள் ஒழுங்காக அசைகிறதா என்று தெரியும். நீளமான, நகம் வெட்டிய விரல்கள். அந்த விரல்களை வெறுத்த மாதிரி வேறு எதையும் நான் வெறுத்ததில்லை. பெருமாளைச் சேவிக்கிற வாயால் இப்படிச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைச் சொல்வதற்கு இது எவ்வளவோ மேல்.

நான் தொட்டியத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். படிப்பு பத்தாவது. அதோடு டிராயிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்திருந்தேன். புத்தூரில் ஒரு மாடியில் கார்ட்டூன் படம் வரைகிற கம்பெனி வந்தபோது, கொஞ்ச நாள் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்கிறோம் என்று சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, கோயிலில் ஒரு சுற்று வந்துவிட்டு பஸ் ஏறுவேன். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜை ஒன்றை எனக்கென்று கொடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு, சமையல்கட்டுக்கு வெளியே என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த மேஜை ஒன்றுதான் இருந்தது. அது என்னை விட்டுப் போகக்கூடாது என்பதே தினமும் பெருமாளிடம் என் விண்ணப்பம்.

லீடர் சாருக்கு என் நெற்றி ஸ்ரீசூர்ணக் கோட்டைப் பார்த்த நாளிலிருந்தே என்னைப் பிடிக்கவில்லை. காலையில் படியேறி உள்ளே வந்தால், “வாங்கம்மா, பெருமாள் எந்திரிச்சிட்டாரா, பல்லு விளக்கிட்டாரா?” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

ஒரு படத்தில் கரி போடுகிற இஸ்திரிப் பெட்டி ஒன்று பேசும், நடக்கும். அது நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். முன்பக்கத்திலிருந்து முதுகு வரைக்கும் என்னிடம் கொடுத்தார். முதுகிலிருந்து திரும்ப முன்பக்கம் வருவதைப் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் கொடுத்தார். எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சுற்றுவது என்றால் ஒன்றுதான் தெரியும். பெட்டியை நடுவில் வைத்து, சந்நிதியை வலம் வருகிற மாதிரி, அது என் வலக்கைப் பக்கம் இருக்க நானே நடந்து வருவதாக நினைத்துக்கொண்டு வரைந்தேன். அப்படி நடந்தால் பெட்டியின் கூரான மூக்கு வலப்பக்கமாகப் போய் மறையும். அந்தப் பெண்ணோ பெட்டியே தட்டாமாலை சுற்றுவதாக நினைத்திருக்கிறாள். அவள் கணக்கில் மூக்கு இடப்பக்கமாகப் போய் மறைந்து, வலப்பக்கமாக வெளியே வரும்.

மூக்கு நம்மைப் பார்த்து நிற்கும்போது பெட்டி குட்டையாகிவிடும். அதை வரைவதுதான் கஷ்டம். அதற்கே எனக்குப் பொழுது சரியாக இருந்தது. லீடர் சார் என் தாள்களை வாங்கி விரலில் செருகிப் புரட்டினார். அந்தப் பெண்ணுடையதையும் புரட்டினார். இரண்டையும் சேர்த்துப் புரட்டவில்லை. “சரி, அனுப்புங்க” என்றார்.

முதலாளி அறையில் எல்லாரையும் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டினார்கள். பெட்டி வலப்பக்கமாகத் திரும்பி முதுகைக் காட்டியது. வந்த வழியே திரும்பி முன்னால் வந்து நின்றது. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி. அதன் இடப்பக்கத்தை யாருமே வரையவில்லை.

முதலாளி லீடர் சாரைப் பார்த்தார். அவர் என்னைக் காட்டினார்.

“இவங்க ஸ்ரீரங்கத்துலேர்ந்து வர்றாங்க சார். எதைக் கொடுத்தாலும் வலம் வந்து கன்னத்துல போட்டுக்குவாங்க.”

அறை முழுக்கச் சிரித்தது. ஆனாலும் கேட்டேன். “நீங்க பாத்துட்டு சரின்னுதானே சார் சொன்னீங்க?”

“நான் இந்தத் தாளைப் பாக்கவே இல்லைங்க” என்று முதலாளியிடம் சொன்னார். கண் கூட இமைக்கவில்லை.

தாளைப் புரட்டிப் போட்டு, கீழே விளக்கு எரியும்போது மேலே வேறு தாள் வைத்து வரைந்தால் வலப்பக்கமே இடப்பக்கமாகிவிடும், சாயங்காலத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம், வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்றார் லீடர் சார். அந்த வாரமே என்னை நிறுத்திவிட்டார்கள். பிறகு பக்கத்து மேஜைப் பெண் போன் செய்து அழுதாள். என் தாள்களையே புரட்டிப் போட்டு அவளை வரையச் சொன்னாராம். படம் டிவியில் வந்தது. பிள்ளைகள் பார்த்தார்கள். நான் அடுப்படியிலேயே இருந்துகொண்டேன்.

எத்தனையோ வருஷம் கழித்து, போன தை மாதம் லீடர் சார் எங்கள் வீட்டுக்கே வந்தார். தன் பெண்ணுக்குக் கல்யாணம், பழைய ஆட்களையெல்லாம் தேடிப் பிடித்து அழைக்கிறாராம். தலை நன்றாக நரைத்திருந்தது. வாசல் தேடி வந்தவரை எப்படி அனுப்ப முடியும்? உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: “இவங்க கை அப்படி ஒரு கை சார். ஒரு இஸ்திரிப் பெட்டிக்கு மூக்கு போட்டாங்க பாருங்க, அந்த மாதிரி அதுக்கப்புறம் யாரும் எனக்குப் போட்டுத் தரலை.”

என் வீட்டுக்காரர் பெருமையாக என்னைப் பார்த்தார். நான் லீடர் சார் பக்கம் திரும்பினேன்.

“இதை அன்னைக்கு முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாமே சார்.”

“என்னைக்கும்மா?” என்றார்.

அவர் நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. மூக்கு நினைவிருக்கிறது. எனக்குச் செய்ததை மறந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் மட்டும் போய்விட்டு வந்தார். சாப்பாடு நன்றாக இருந்ததாம். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். வயதாகிவிட்டது, இன்னும் என்ன கோபம், மன்னிக்கிற மனசைக் கொடு என்று பெருமாளிடம் கேளேன் என்கிறார். பிள்ளைகளுக்கு வேலை, எனக்கு முழங்கால் வலி தீர வேண்டும், எல்லாவற்றையும் சந்நிதியில் நின்று வாய்விட்டுக் கேட்கிறவள்தான் நான். இதை மட்டும் கேட்பதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்.