பொலோஞ்ஞாவில் ஒன்பது நிமிடம்

ஜெர்மனியின் ஹம் ரயில் நிலையத்தில், வேலைக்குப் போகும் ஒரு காலையில்தான் அவரைக் கண்டேன். அறுபது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, பெரிய நீலப் பெட்டி. நொண்டி நொண்டிப் படியிறங்கி அடுத்த மேடைக்குப் போவார்; திரும்பும்போது விறுவிறுவென்று நடந்து வருவார்.

"கால் ஏலாதோ அண்ணை? பெட்டியைத் தாங்கோ," என்றேன்.

"எனக்கில்லை தங்கச்சி, மனுசிக்குத்தான் முழங்கால் நோ. ரண்டு பேரும் இத்தாலிக்குப் போறம். பொலோஞ்ஞாவில ரயில் மாற ஒன்பது நிமிஷம்தான் கிடக்கு. அதான் அவவை மாதிரி நடந்து பாக்கிறன்."

பயணச் சாமான்களின் பாரத்துக்காகப் பெட்டிக்குள் இருபது கிலோ அரிசியாம். கைபேசியை என்னிடம் தந்து நேரம் பார்க்கச் சொன்னார். பாதிப் படியில் அசையாமல் நின்றுவிட்டார்.

"என்னண்ணை?"

"இதில நிண்டு அவ என்னை ஏசுவா. அதுக்கொரு நிமிஷம் விடோணும்."

பதினான்கு நிமிடம் ஆனது. முகம் வாடி, சட்டைப்பையிலிருந்த பயணத் திட்டத் தாளை எடுத்தார்.

"அடுத்த ரயில்தான் சரி. அப்ப வெனிஸுக்கு நேரம் காணாது," என்று வெனிஸை வெட்டினார்.

"அக்காவையே கூட்டிவந்து நடக்கவிட்டிருக்கலாமே?"

"ஐயோ, இவ்வளவு நடக்கோணுமெண்டு தெரிஞ்சா, 'நீங்கள் போட்டு வாங்கோ' எண்டு வீட்டிலயே இருந்திடுவா."

அதற்குள் என் ரயில் போய்விட்டது. அடுத்தது அரை மணி நேரம் கழித்துத்தான் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப ரோமில ரயில் மாறுறதையும் நடந்து பாத்திடுவம். இந்த முறை நீங்கள் அவவா நடவுங்கோ."

வேலை உடுப்போடு, முன்பின் தெரியாத ஒருவரின் முழங்கால் நோவோடு, அந்தப் படிகளில் நான் ஏன் நொண்டி இறங்கினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.