கச்ரா வண்டியில் போன செடி

வேறு யாராவது உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நம் தீவில், லம்பா லைன் பகுதியில், மடித்துக் கட்டிய லுங்கியோடு குப்பை வண்டியின், இங்கத்திய இந்தியில் கச்ரா வண்டியின், பின்னால் கத்திக்கொண்டே ஓடிய அந்த அரசு ஊழியர்... நான்தான்.

காரணம், ஒரு மீன் தொட்டி. சரியாகச் சொன்னால், மீன் இல்லாத மீன் தொட்டி.

செடி வைத்த நன்னீர்த் தொட்டிக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மண், அப்புறம் தண்ணீர், அப்புறம் செடி. செடி வேர் பிடித்து, தண்ணீர் பக்குவப்பட்ட பிறகுதான் மீன். வாரக்கணக்கில் ஆகும். யூட்யூபில் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மண்ணிலேயே பேச்சு வாங்க ஆரம்பித்தேன். நம்மூர்க் கடற்கரை மணலை அள்ளவும் கூடாது. அள்ளினாலும் அதிலுள்ள பவளத் துகள் தண்ணீரைக் கெடுத்துவிடும். ஆகவே கப்பல் பார்சலில் மண் வரவழைத்தேன். "சுத்தியும் மணலா கிடக்கற ஊருக்கு மெயின்லேண்ட்ல இருந்து மண்ணு வாங்கின மொதல் ஆளு நீங்கதான்" என்றாள் என் மனைவி வசந்தா. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீரில் அறுபது லிட்டரை உள்ளே கொட்டியபோது அவள் வாளிகளை எண்ணிக்கொண்டு நின்றாள். அதுதான் பயமாக இருந்தது.

செடி, வசந்தாவின் தம்பி செந்திலின் உபயம். சென்னைவாசி. தன் தொட்டியில் வருஷக்கணக்காக வளர்த்த கிரிப்ட் என்ற செடியில் பாதியைப் பிடுங்கி, ஈரத் துணியில் சுற்றி, விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டுப் போனான். மே லீவுக்கு மறுபடியும் வருகிறான். வந்ததும் முதலில் எதைப் பார்ப்பான்? என் முகத்தையா?

நட்டேன். சில நாள் ஜம்மென்று நின்றது. பிறகு இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மாதிரி ஆகி, கூழாகி, கரைய ஆரம்பித்தன. ஒரு வாரத்தில் மிஞ்சியது வெறும் கட்டை. அபர்டீன் பஜாரில் விசாரித்தால், கடைக்காரர் பிளாஸ்டிக் செடியை நீட்டி, இது சாகவே சாகாது என்று உத்தரவாதம் தந்தார். தம்பிக்கு வித்தியாசம் தெரியாது என்றாள் வசந்தா. எனக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது என்பதை மறைப்பானேன்?

அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கி, வாழைப்பழத் தோலோடு சேர்த்து வண்டியில் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் செந்திலுக்கு போன் போடும் தைரியம் வந்தது. துக்கம் சொல்கிற குரலில் ஆரம்பித்தேன். அவன் சிரித்தான்.

"சாகல அத்தான். தண்ணி மாறினா கிரிப்ட் இப்படித்தான் இலையெல்லாம் உதுத்துரும். வேர் இருந்தா போதும், துளிர்த்துரும். நீங்க பேசாம சும்மா இருங்க."

சும்மா இருக்கவேண்டிய நேரம் பார்த்துச் சும்மா இராமல் போவது — என் சுயசரிதையை ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் கொடுப்பேன். ஓடினேன்.

இரண்டு தெரு தள்ளி வண்டியைப் பிடித்தேன். வண்டிக்காரர் அப்பாராவ் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தெருவில் ஆளுக்குத் தகுந்த பாஷை. ஒரு சாமான் தவறி விழுந்துவிட்டது என்றேன். "சோனாவா அண்ணா?" என்றார். தங்கமா என்று கேட்கிறார். இல்லையென்று சொல்லியிருக்கலாம். மூச்சு வாங்கியது, தலை எந்தப் பக்கம் ஆடியதோ தெரியாது.

அவ்வளவுதான். தார்ப்பாய் விரித்து வண்டிக் குப்பையைக் கொட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளி பிஸ்வாஸ் தாதா (அண்ணன் என்று அர்த்தம்) குச்சியோடு அங்கேயே வந்துவிட்டார். வசந்தாவின் தாலிச் சங்கிலியே போய்விட்டதாக எதிர் ஃபிளாட் வரை செய்தி போனது. எல்லோரும் குனிந்து தேடினார்கள். தாதா குப்பையென்று ஒதுக்கி ஒதுக்கித் தள்ளிய வேர்களை நான் பொறுக்கிப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் குச்சி நின்றது. என் பையைப் பார்த்தார்.

"காஸ்?" என்றார். புல்லா?

விளக்கினேன். கூட்டம் கலைந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கழுவி மறுபடி நட்டேன். இந்தத் தடவை சும்மா இருந்தேன். மூன்றாவது வாரம், கட்டையின் நடுவிலிருந்து அரிசி அளவுக்கு ஒரு பச்சை. இப்போது தொட்டியின் பாதிக்குப் புதர். போன ஞாயிறு ஆறு கப்பி மீன்களும் குடிவந்துவிட்டன.

மாலையில் டீயோடு அதன் முன்னால் உட்கார்ந்தால் எங்கள் ஆபீஸ் ஞாபகம் வருகிறது. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் மாதம் அப்படியே கரைவார்கள். மாவு புளிக்கவில்லை, நெட் வரவில்லை, மழை நிற்கவில்லை... ஆள் தேறமாட்டார் என்று நாமே முடிவு கட்டியிருப்போம். திடீரென்று ஒருநாள் இந்தியில் மீன் பேரம் பேசிக்கொண்டு நிற்பார். மூன்று வருஷம் கழித்து ஊருக்கு மாற்றல் வந்தால் ஏர்போர்ட்டில் அழுவார். பழைய இலை உதிர்வதைச் சாவு என்று நினைத்துக்கொள்வது நம் அவசரம். நானும் இங்கே கரைந்து துளிர்த்தவன்தான். அன்று யாரும் என்னைப் பிடுங்கிப் போடவில்லை.

எல்லாம் நலம். ஒன்றே ஒன்றுதான். தினமும் காலையில் வாளியை நீட்டும்போது அப்பாராவ் உடனே வாங்குவதில்லை. தெருவே கேட்கும்படி ஒரு கேள்வி.

"அண்ணா, நல்லாப் பாத்துக்கோங்க. இன்னிக்குக் குடுக்கிறது பக்கா கச்ராதானே?"