எறும்பு வராத வீடு

எங்கள் தெருவில் பச்சையம்மாள் வீட்டுக்கு மட்டும் எறும்பு வராது. அரிசி, வெல்லம், பயறு எல்லாவற்றையும் ஒரு நீல டிரம்முக்குள் போட்டு மூடி வைத்திருப்பாள். அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. என் வீட்டு வெல்லத்தை எறும்பு மொய்க்கும்போதெல்லாம், பக்கத்து வீட்டுக்காரி என்ற பாவத்துக்கு, அவள் பேச்சை நான் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

எங்கள் சித்தூர் ஜில்லாவில் மாம்பழக்கூழ் கம்பெனிகள் அடுத்தடுத்துத் திறந்த வருடங்கள் அவை. தோப்புக்காரர்கள் காசு கண்டதும் பூவிலேயே பூச்சிமருந்தடிக்க ஆரம்பித்தார்கள். அவள் புருஷன் வேதாச்சலம் அந்த வேலைக்குப் போனார். காலி மருந்து டிரம்மை வீட்டுக்குக் கொண்டுவருவது மருந்தடிக்கப் போகிறவர்களுக்குள் வழக்கம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். வாசனை போனால் விஷமும் போச்சு என்பது அவர் கணக்கு. அப்படி வந்த இரண்டில் ஒன்று அடுப்படிக்குப் போனது. மற்றது, மகள் மஞ்சு கல்யாணமாகித் திருப்பதிக்குக் குடிபோனபோது சீரோடு வண்டியேறியது.

வெள்ளிக்கிழமைகளில் பச்சையம்மாள் அரிசிமாவில்தான் கோலம் போடுவாள். நாலு உயிர் தின்னட்டும் என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை, டிரம்மின் அடியில் கிடந்த அரிசியை அரைத்துப் போட்டிருந்தாள். வெயில் ஏறியதும் வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் போய்ப் பார்த்தேன். தெரு எறும்பெல்லாம் வந்து தின்றிருக்கிறது. ஒன்றும் திரும்பிப் போகவில்லை. வெள்ளைக் கோடுகளை ஒட்டியே, வளைவுக்கு வளைவு, கறுப்பாகச் செத்துக் கிடந்தன.

"மஞ்சு" என்றாள். மஞ்சுவுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம்.

புருஷனிடம் அரிசியைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாள். டிரம்மை வேறு யாரும் தூக்கிப் போகாதபடி வெட்டிப் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். திருப்பதி பஸ் வடமாலபேட்டை தாண்டியதும், மஞ்சு அந்த டிரம்மில் பழந்துணிதான் போட்டு வைத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருக்கும் என்றேன். எனக்கும் பயம்தான்.

மஞ்சு சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். மூலையில் டிரம் பளபளவென்று இருந்தது. மூடியைத் தூக்கி ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள்.

"இன்னாம்மா, இப்டி வேர்த்துக்கினு வந்துகிறே? மொதல்ல தண்ணி குடி."

பச்சையம்மாளுக்குக் கை நீளவில்லை. இந்தத் தண்ணீரை எதற்குப் புழங்குகிறாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

"குடிக்கத்தாம்மா. கொழா தண்ணி எப்பவோதான் வருது. நீ குடுத்த நாள்லருந்து இதுலதான் புடிச்சி வெச்சிக்கினுகிறோம். ஒரு புழு பூச்சி வெக்கல, தெரியுமா?"

அம்மா வாங்கவில்லையே என்று, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, டம்ளரை மஞ்சுவே வாயில் வைத்தாள். பச்சையம்மாள் பாய்ந்து தட்டிவிடுவதற்குள் பாதி உள்ளே போயிருந்தது.