நெஞ்சில் ஒட்டாத விளம்பரம்: வெரிபீ கோல்கீப்பரைப் பார்க்கப் போனது

ஈஸ்டர் முடிந்த வாரம் சிட்னியின் பென்டில் ஹில்லிலிருந்து மெல்போர்ன் பக்கம் வெரிபீக்குக் காரில் போய் வந்தேன். காரணம் சுதன். சிட்னியில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவன், யாழ்ப்பாணத்துக்காரன். இப்போது வெரிபீயில் ஒரு சின்னத் தமிழ்க் கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர். சீசனின் முதல் மேட்சுக்குக் கூப்பிட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். 870 கிலோமீட்டர். ஆல்பரியில் சாப்பிட்டுவிட்டு, மாலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெட்ரோல் ஒருவழிக்கு 118 டாலர். தனியாகப் போகிறவர்கள் விமானத்தையே பாருங்கள், முதுகாவது மிஞ்சும்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேட்ச். உடை மாற்றும் அறையில் கேப்டன் ஜெகன் புது ஜெர்சிகளைப் பிரித்தார். நெஞ்சில் ஒரு சூதாட்டப் பந்தய ஆப்பின் பெயர், பெரிய எழுத்தில். சுதன் தன்னுடையதை மடித்து பெஞ்சில் வைத்துவிட்டான்.

"இதை நான் போடேல்ல அண்ணை."

"சின்னாக்களின்ர ஜெர்சியிலதான் போடக் கூடாது எண்டு எங்கட விதியில கிடக்கு. பெரியாக்களுக்கு ஒண்டும் இல்லையே?" என்றார் ஜெகன்.

"நான் பெரிய ஆள்தானே அண்ணை. எனக்கு நடந்தது தெரியும்தானே? விட்டு எட்டு மாசம். அதை நெஞ்சில ஒட்டிக்கொண்டு எப்பிடி நிக்கிறது?"

மாற்று கோல்கீப்பர் இறங்கினார். சுதன் கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் போனில் அந்த மாதிரி ஆப்பை முதன்முதலில் போட்டுக் கொடுத்தவன் நான். ஒரு உலகக் கோப்பை சமயம், சும்மா விளையாட்டுக்கு. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. கேட்டேன்.

அவன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ போட்டுத் தந்தனி, ஓம். ஆனா கார் லோன் காசை அதுக்குள்ள விட்டது நான். அதை நீ தூக்காத மச்சான்."

இடைவேளையில் ஜெகன் போன வருஷ ஜெர்சி ஒன்றோடு வந்தார். "காருக்குள்ள கிடந்தது. நம்பர் பிழை எண்டா ரெஃபரியோட நான் கதைக்கிறன். போட்டுக்கொண்டு வா."

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த இரண்டும் முதல் பாதியில், சுதன் இறங்குமுன் விழுந்தவை.

பிறகு கார் நிறுத்துமிடத்திலேயே கூட்டம். கொஞ்சம் சத்தம்கூட வந்தது. கடைசியில் கை தூக்கினார்கள்: திருப்பி அனுப்பப் பதினொரு பேர், வேண்டாம் என்று ஆறு பேர். ஜெர்சிகளைத் திருப்பி அனுப்புவது என்று முடிவானது. ஜெகன் விதித்தாளை கார் பானெட்டில் விரித்து, "சிறுவர் அணி ஜெர்சியில் சூதாட்ட விளம்பரம் கூடாது" என்ற வரியில் 'சிறுவர்' என்பதை மட்டும் பேனாவால் அடித்தார். விதியை மாற்ற அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த ஆறு பேரில் இருவர் சுதனிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்கள்.

போகிறவர்களுக்கு: மெல்போர்ன் நகரத்திலிருந்து வெரிபீக்கு ரயில் உண்டு, கார் கட்டாயமில்லை. மைதானத்தில் காற்று எலும்பு வரை போகும், ஜாக்கெட் வேண்டும். தங்கப்போகும் வீட்டில் சூதாட்டத்தை விட்டவர் யாராவது இருந்தால், டிவியில் மேட்ச் போடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். நடுவில் வரும் விளம்பரங்களில் பாதி அதுதான்.

அன்று சாயங்காலம் நானும் கேட்டேன். "வேண்டாம், இரு, தேத்தண்ணி போடுறன்" என்று சுதன் குசினிக்குள் போனான்.